எவ்வளவு கொடுக்குது?

நம் ஊரில் புது கார் வாங்கினால் "நல்லா ஓடுதா?" என்று யாரும் கேட்பதில்லை. "எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் கேட்கிறார்கள். பசுமாடு வாங்கிய காலத்துப் பழக்கம் போலிருக்கிறது.

எஸ்.யூ.வி. வாங்குவது என்று முடிவானதும் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா மைலேஜ் கட்சி. நான் பிக்கப் கட்சி. "கலரை மட்டும் நான் சொல்றேன்" என்று என் மனைவி வெளியிலிருந்து ஆதரவு.

2024-ல் வந்த ஹூண்டாய் க்ரெட்டாவைப் பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. 1.5 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜின் 115 குதிரை சக்தி. அதே 1.5 லிட்டரில் டர்போ 160. மைலேஜ் கேட்டால், கையால் கியர் போடும் சாதா 17.4, ஆட்டோமாடிக் டர்போ 18.4 என்று கம்பெனிக் கணக்கு.

"அதெப்படிடா, ஜாஸ்தி இழுக்கிற மாடு கம்மியா திங்கும்?" என்றார் அப்பா.

நியாயமான சந்தேகம். மைலேஜ் சோதனையை ரோட்டில் நடத்துவதில்லை. லாபில் உருளைகள் மேல் ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் 90 கி.மீ. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் சமாசாரம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். மெதுவாக மிதித்தால் சாது. அழுத்தினால் குடிக்கும்.

அப்பா டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வருஷம் 12,000 கி.மீ. நிஜத்தில் சாதா 14, டர்போ 12 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 143 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாசம் சுமார் 1,200 ரூபாய். டர்போவுக்கு வாங்கும்போதே விலையும் கூடுதல்.

டீசல் என்று ஒரு மூன்றாவது அணியும் இருந்தது. இழுவையில் டர்போவுக்குச் சமம், மைலேஜ் 21.8. ஆனால் 2020-ல் வந்த பி.எஸ்.-6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களில் கரி வடிகட்டி உண்டு. தினமும் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மூன்றாவது அணிகளுக்கு வழக்கமாக நேர்வதே நேர்ந்தது.

நானும் தளர்ந்துவிட்டேன். மவுண்ட் ரோடு நெரிசலில் 160 குதிரைகளும் சும்மா நிற்கத்தானே போகின்றன? "சாதாவே போதும்ப்பா" என்றேன்.

அப்பா டைரியை மூடினார். "திருவண்ணாமலை ரோடு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பழைய சின்ன கார், ஐந்து பேர், ஏ.ஸி. வேறு. கரும்பு லாரியைப் பாதி தாண்டியபோது எதிரே பஸ். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தினேன். சத்தம்தான் கூடியது. பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் ஒளிந்தோம். முன் சீட்டில் இருந்த அப்பா பத்து கிலோமீட்டருக்கு வாய் திறக்கவில்லை.

"மாசம் 1,200 ரூபா எனக்குப் பெரிசுதான். ஆனா அன்னிக்கு அந்த நாலு செகண்டுக்கு எவ்வளவு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

நல்லவேளை, வீட்டுக்குள் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. டர்போவே வாங்கினோம். ஊரைத் தாண்டாதவர்களுக்குச் சாதாவே சுகம். ரெண்டு வழிச் சாலையில் குடும்பத்தோடு லாரி தாண்டுகிறவர்களுக்கு இழுவை ஆடம்பரமில்லை. அதற்காக வளைவில் தாண்டாதீர்கள், அங்கே 160 குதிரையும் உதவாது.

மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "எவ்வளவு ஸார் கொடுக்குது?"

"பதினொண்ணு" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பா குரல்:

"பதினாறு!"