மலைக்காற்றும் மார்புநோயும்

கொடைக்கானலுக்குப் போனால் மார்புநோய் தீரும் என்னும் நம்பிக்கை நம் ஜனங்களிடையே நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. சமவெளியில் மூச்சிரைப்பால் வருந்துகிறவருக்கு உற்றாரும் உறவினரும் கூறும் முதல் யோசனை, "மலையிலே நாலு நாள் இருந்து வாருங்கள்" என்பதே. கடன் வாங்கியாவது போகிறார்கள். திரும்பி வந்தால் பழைய இரைப்பு வாசலிலேயே காத்து நிற்கிறது. இந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வது அவசியமாகிறது. மலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பொருட்டு மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. மலையிலேயே பிறந்து, மலையிலேயே உழைத்து, மலையிலேயே மூச்சுத் திணறுகிறவர்களின் கதியை நாடு மறந்திருக்கிறது. அவர்களுக்காகவே முக்கியமாக எழுதுகிறோம்.

இந்த மயக்கத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1845-ஆம் வருஷத்தில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார், சமவெளியின் விஷஜுரத்துக்கு அஞ்சிப் பழனி மலைமீது ஏறித் தங்குவதற்கு வீடுகள் கட்டினார்கள். பின்னர் துரைமார் வந்தார்கள். 1863-இல் ஏரி உண்டாயிற்று. 1872-இல் கோக்கர் பாதை அமைந்தது. 1914-இல் மோட்டார் ஏறும் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் துரைமாரையும் துரைசானிகளையும் டோலிகளில் சுமந்து மலையேறியவர்கள் நம்மவரே. சுமக்கப்பட்டவருக்கு மலை சுகவாச ஸ்தலமாயிற்று. சுமந்தவரின் சுவாசத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஜுரத்துக்கு அஞ்சி மலையேறியதில் நியாயம் இருந்தது; ஜுரத்தைப் பரப்பும் கொசு குளிருக்குப் பயந்தது. ஆனால் ஜுரத்துக்கு ஏற்ற பரிகாரம் நுரையீரல் நோய்கள் யாவற்றுக்கும் ஏற்றது என்று உலகம் எண்ணியதே பிழையாயிற்று.

கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் இதைப் பொருட்படுத்தாது. பழுதுற்ற நுரையீரலுக்கோ இது பெரிய பாரம். குளிர்ந்த மூடுபனி சிலருக்குச் சுவாசக் குழல்களை இன்னும் சுருக்கிவிடும். தூசியும் புகையுமான பட்டணத்தை விட்டு வந்த சிலருக்கு ஆறுதல் கிடைப்பதும் உண்மைதான். ஆயினும் நோய் முற்றியவர்கள் வைத்தியரைக் கேளாமல் மலையேறுவது சுகத்தைத் தேடிப் போய் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மலைக்காற்றும் பூரண ஓய்வுமே மார்புநோய்க்கு மருந்து என்னும் கொள்கையை உலகத்தின் முன் சோதித்துக் காட்டிய பெருமை நமது சென்னைக்கே உரியது. 1956-இல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அங்கே நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாரை ஆரோக்கிய சாலையில் வைத்தும், மற்றவரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கமான குடியிருப்புகளில் வசித்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்த உணவும் ஓய்வும் குறைவு. 1959-இல் வெளியான முடிவைக் கண்டு வைத்திய உலகம் வியந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஆரோக்கிய சாலையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள். அவர்களைக் காத்தது என்ன? தவறாமல் உட்கொண்ட மருந்தும், தவறாமல் நடந்த பரிசோதனையுமே. இடம் இரண்டாம்பட்சமாயிற்று, கண்காணிப்பே முதன்மை பெற்றது.

க்ஷயம் வேறு, நாம் இங்கே முக்கியமாகக் கருதும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வேறு. முன்னது மருந்தால் தீரக்கூடியது. பின்னது முழுவதும் தீராது. ஆனால் அடக்கி ஆளக்கூடியது. சென்னை கற்பித்த பாடம் இரண்டுக்கும் பொருந்தும். 1990-இல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இருந்த இந்த அடைப்பு நோய், 2016-இல் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேரைப் பற்றியிருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2021-இல் உலகெங்கும் இந்நோய் கொண்டுபோன உயிர்கள் சுமார் 35 லட்சம். செல்வ நாடுகளில் இதற்கு முதற் காரணம் புகையிலை. நம் போன்ற நாடுகளில் புகையிலையோடு அடுப்புப் புகையும் சேர்ந்துகொள்கிறது.

பழனி மலைக் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் குளிர் கடுமை. விறகடுப்பு அங்கே சமையலுக்கு மட்டுமன்று. குளிர் காய்வதற்கும் அதுவே கதி. குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால், புகை போவதற்கு வழியேது? பீடியைத் தொட்டே அறியாத தாய்மார், முப்பது நாற்பது வருஷம் அந்தப் புகையில் வெந்து, ஐம்பது வயதில் தண்ணீர்க்குடம் தூக்க மாட்டாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "வயதாகிவிட்டது" என்று வீட்டார் சொல்லுகிறார்கள். வயதல்ல அது; நோய். காற்றை வாங்க வெளியூரார் ஏறிவரும் மலையிலே, உள்ளூர்த் தாய் தன் சமையலறையில் காற்றின்றித் தவிக்கிறாள்.

இந்நோயை எதிர்க்க இரண்டு ஆயுதங்கள் உண்டு. முதலாவது, காலந்தவறாத வைத்தியப் பரிசோதனை. ஸ்பைரோமீட்டர் என்னும் ஊதுகருவியில் பலங்கொண்ட மட்டும் ஊதச் செய்தால், முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பது தெரியும். நோய் இருக்கிறதா, வளர்கிறதா என்பதை அதுவே காட்டும். நோயாளி வருஷத்துக்கு ஒரு முறையேனும், நோய் முற்றியவர் இரு முறையேனும், வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். இன்ஹேலர் என்னும் உறிஞ்சு மருந்தைச் சரியான முறையில் உறிஞ்சுகிறாரா என்று வைத்தியர் பார்க்கவேண்டும்; தவறாக உறிஞ்சினால் மருந்து நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடும். சுகமாக இருக்கும்போது வைத்தியசாலைக்கு எதற்கு என்று கேட்பது நமது பழக்கம். வழக்கிலே வாய்தா வாங்கலாம். நுரையீரல் வாய்தா கொடாது. சளியின் நிறம் மாறினாலும், இரைப்பு திடீரென்று மிகுந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்; உதடு நீலம் பாரித்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

இரண்டாவது ஆயுதம், உழைப்பை விடாமை. மூச்சிரைக்கிறது என்று நோயாளி உட்கார்ந்துவிடுகிறார். உட்கார உட்காரக் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகளுக்குச் சிறு வேலைக்கும் அதிகப் பிராணவாயு வேண்டியிருக்கிறது, ஆகவே இரைப்பு மிகுகிறது, மறுபடியும் உட்காருகிறார். இந்தச் சக்கரத்தை உடைப்பது நடையே. ஆறு நிமிஷத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, அதற்கேற்ற பயிற்சியைச் சில வாரங்கள் மேற்பார்வையில் செய்வித்தால், பழுதுற்ற நுரையீரல் பழையபடி ஆகாவிட்டாலும் மனிதன் பழையபடி நடமாடுகிறான் என்பது இன்று நிச்சயமான வைத்திய உண்மை.

நடையின் மகிமையைப் பழனி மலையடிவாரத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு நாட்கணக்கில் நடந்து வருகிற லட்சக்கணக்கான மக்கள் அதைத் தங்கள் கால்களாலேயே அறிவார்கள். நோயாளிகளைப் படியேறச் சொல்லுகிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். வைத்தியர் அளந்து கொடுத்த தூரம், தன் வீட்டு வாசலிலிருந்து அடுத்த தெருமுனை வரையில் ஆனாலும், நாள் தவறாமல் நடந்தால் அதுவும் ஒரு விரதமே.

இனி, சர்க்காரின் கடமை. 2021-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாசலிலேயே சேர்க்க முற்பட்டது. பாராட்டத் தக்க காரியம். அதே ஊழியர் அதே பாதையில் மூச்சுநோயாளியையும் விசாரித்து, உறிஞ்சு மருந்தையும் கொடுத்து, உறிஞ்சும் முறையையும் சோதிக்கலாகாதா? மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோறும் ஓர் ஊதுகருவியும் அதைக் கையாளப் பழகியவர் ஒருவரும் வேண்டும். கொடைக்கானலிலும் பழனியிலும் உள்ள அரசாங்க மருத்துவமனைகளில் மூச்சுப் பயிற்சிக் கூடம் வேண்டும். கவுஞ்சியிலிருந்து ஒருவர் பரிசோதனைக்காகத் திண்டுக்கல் வரையில் இறங்கிவர வேண்டுமானால், பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகிறது. அடுத்த முறை அவர் வரமாட்டார். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புக் கொடுத்தது. ஆனால் காலியான உருளையை நிரப்பக் கையில் காசில்லாதபோது விறகடுப்பே மறுபடியும் புகைகிறது. இணைப்புகளை எண்ணினால் போதாது. அணைந்த விறகடுப்புகளை எண்ணவேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியன்றும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக் கலைந்து போவதோடு நமது கடமை தீர்ந்ததா? அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். நமது சுகாதார நிலையத்திற்கு ஊதுகருவி வேண்டும் என்பது ஒன்று; புகை சூழும் வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பாவது அமைத்துத் தரவேண்டும் என்பது மற்றொன்று. திண்ணையில் உட்கார்ந்துவிட்ட அந்தத் தாயை ஒரு முறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது நூறு மேடைப் பிரசங்கத்துக்கு மேலானது.

மலை நமக்குக் காற்றைக் கொடுத்திருக்கிறது. அந்தக் காற்று மலைவாசியின் நெஞ்சுக்குள் தடையின்றிப் போய்வரச் செய்வது மனிதர் பொறுப்பு. சுவாசத்துக்குப் பிறர் தயவை எதிர்பார்க்கும் நிலையில் ஒரு ஜனத்தொகுதி இருக்கும் வரையில், சுயராஜ்யம் அந்த மலையின் உச்சிக்கு இன்னும் ஏறவில்லை என்றே நாம் கொள்ளவேண்டும்.