தயிருக்கு வந்த வாழ்வு

மாலை மயங்கிய பிறகு கோரேகாவ் பார்க், விமான் நகர் பக்கம் போனால் புது மாதிரிக் கடைகள் கண்ணில் படுகின்றன. வெள்ளைச் சுவர், பளிச்சென்ற விளக்கு, சுவரோடு பதித்த இயந்திரங்கள். பிடியைக் கீழே இழுத்தால் கூழ் போல ஒன்று சுருண்டு சுருண்டு கிண்ணத்தில் விழுகிறது. அதன்மேல் பழத்துண்டு, பருப்பு, சாக்லேட் தூள் என்று வேண்டியதைத் தூவிக்கொள்ளலாம். சில இடங்களில் கிண்ணத்தைத் தராசில் வைத்து கிராம் கணக்கில் காசு வாங்குகிறார்கள். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. கல்லூரி மாணவரும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களும் வரிசையில் நிற்கிறார்கள். பண்டத்தின் பெயர் ஃப்ரோசன் யோகர்ட். அதாவது, தயிர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், பால் தயிராவதையும் தமிழில் உறைதல் என்கிறோம். நீர் பனிக்கட்டியாவதையும் உறைதல் என்கிறோம். ஆக, இந்தக் கடைச் சரக்கு இரண்டு முறை உறைந்த பால். இரண்டாவது முறை உறைந்ததற்குத்தான் இத்தனை விலை.

இது அமெரிக்காவில் 1970-களில் தலைகாட்டிய பண்டம். 1981-இல் அர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் டி.சி.பி.ஒய். என்ற கம்பெனி இதற்கென்றே கடை திறந்து, நாடெங்கும் கிளை பரப்பியது. ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை, ஆனால் கொழுப்பு என்றால் பயம் என்றிருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. பிறகு மோகம் தணிந்தது. 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கொரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இருவர் பிங்க்பெர்ரி என்ற கடையைத் தொடங்கி, புளிப்பை மறைக்காமல் விற்றார்கள். மறுபடியும் கூட்டம் அலைமோதியது. 2009 வாக்கில் தில்லியில் கோகோபெர்ரி போன்ற கடைகள் முளைத்தன. அங்கிருந்து மற்ற பெருநகரங்களுக்கும் அந்த அலை வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த இடம் எது என்பதுதான் யோசிக்கவேண்டியது. புனே தயிரும் பாலும் தெரியாத ஊரா? குடீ பாட்வா வந்தால் வீட்டுக்கு வீடு ஸ்ரீகண்ட். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீரை வடித்து, 'சக்கா' என்ற அந்தக் கெட்டியில் சர்க்கரையும் ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்துப் பிசைந்தால் ஸ்ரீகண்ட். கல்யாணப் பந்தியில் ஜிலேபியோடு மட்டா என்ற மசாலா மோர். பாலும் ஐஸ்கிரீமும் சேர்த்து உயரமான தம்ளரில் தரும் மஸ்தானி இந்த ஊருக்கே உரிய பானம். பாஜிராவ் பேஷ்வாவின் மனைவி பெயரை அதற்கு வைத்துக் கொண்டாடுகிறார்கள். சாங்கலி மாவட்டத்துப் பிலவடியில் 1939-இல் பால் தொழில் தொடங்கிய சித்தளே குடும்பம் 1950-இல் புனேயில் கடை வைத்தது. மதியம் ஒன்று முதல் நான்கு மணி வரை கடையைச் சாத்திவிடுவதாகப் பல காலம் கேலிக்கும் ஆளானது. 2017-இல் அந்த வழக்கம் போயிற்று. கதவைச் சாத்தினாலும் வாடிக்கையாளர் காத்திருந்து வாங்கினார்களே, அதுவல்லவா சரக்கின் பெருமை!

கடைக்காரர்கள் சொல்லும் முதல் வாசகம், 'உடம்புக்கு நல்லது' என்பது. தயிர் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. பல்கேரிய டாக்டர் கிரிகோரோவ் 1905-இல் தயிரில் உள்ள நுண்ணுயிரைக் கண்டறிந்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாவ், புளித்த பால் ஆயுளை வளர்க்கும் என்றே வாதாடினார். உறைகுளிரிலும் அந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி செத்துப்போவதில்லை, உறங்கிக் கிடக்கும். ஆனால் தயிரை உறையவைப்பதற்கு முன் சூடேற்றிவிட்டால், அல்லது பேருக்குத் தயிர்ப்பொடியைக் கரைத்து இயந்திரத்தில் ஊற்றினால், உயிர் ஏது? இந்தக் கேள்வி பிங்க்பெர்ரியையே விடவில்லை. அதை யோகர்ட் என்று சொல்லலாமா என்று 2007-இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

சர்க்கரைச் சங்கதி வேறு. நாக்கு சில்லிட்டால் இனிப்பு தெரியாது. வீட்டுத் தயிரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் தித்திக்கும். அதே தித்திப்பு பனிக்கட்டிப் பதத்தில் தெரியவேண்டுமானால் கூடுதலாகப் போட்டாக வேண்டும். கொழுப்பு குறைந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் சாக்லேட்டும் சிரப்பும் ஊற்றியபின் 'டயட்' என்று சொல்லிக்கொள்வது, முழுப் பந்தியும் சாப்பிட்டுவிட்டு விரதம் என்பது போலத்தான்.

இன்னொன்று காற்று. இவ்வகைப் பண்டங்களை இயந்திரம் கடையும்போது காற்றும் உள்ளே போகிறது, காற்றில்லாவிட்டால் கல்லாகிவிடும். ஐஸ்கிரீமுக்கு இந்திய உணவு விதி என்ன சொல்கிறதென்றால், ஒரு லிட்டருக்கு 525 கிராமாவது எடை இருக்கவேண்டும் என்கிறது. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். மீதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எடை போட்டு விற்கும் கடையில் காற்றுக்குக் காசில்லை. கிண்ணத்துக்கு இவ்வளவு என்று விற்கும் கடையில் உண்டு.

சரி, காசுள்ளவர்கள் சாப்பிடட்டும், இதில் கட்கி தொழிற்சாலைக்காரருக்கும் தேஹு ரோடு டெப்போ குமாஸ்தாவுக்கும் என்ன என்று கேட்கலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிம்ப்ரியிலும் ராஸ்தா பேட்டையிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தயிர் என்பது தின்பண்டமல்ல, சாப்பாட்டின் முடிவு. டிசம்பர் மாதப் புனேக் குளிரில் பால் தோயாமல் அடம்பிடிக்கும்போது, பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி மாவு டப்பாவுக்குள் வைத்துத் தோய்க்கிற பெண்கள் எத்தனை பேர்! முதல் ஷிப்டுக்குப் போகிறவரின் டப்பாவில் தயிர்சாதமும் ஒரு துண்டு ஊறுகாயும் இருந்தால் அன்றைய பொழுது ஓடிவிடும். அந்த வீட்டுப் பிள்ளை, 'இன்றைக்கும் தயிர்சாதமா?' என்று முகம் சுளித்துவிட்டு, சிநேகிதனின் பிறந்தநாளுக்கு இந்தக் கடையில் கிண்ணம் கேட்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு முறை அங்கே போய்வந்தால், ஒரு வாரத்துக்கான பால் காசு போய்விடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருக்கும்போது ஏழைச் சாப்பாடாகத் தெரிவது, ஆங்கிலப் பெயரோடு கண்ணாடிக்குள் போனதும் கௌரவமாகிவிடுகிறது என்பதைப் பெரியவர்களும் நம்பத்தானே செய்கிறார்கள்?

பெயர் என்றதும் நினைவுக்கு வருவது 2023 மார்ச் மாதத்துச் சச்சரவு. ஆவின் தயிர்ப் பாக்கெட்டில் 'தஹி' என்று அச்சிடவேண்டும், தயிர் என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தால் போதும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார். மார்ச் 30-ஆம் தேதி ஆணையம் உத்தரவைத் திருத்தி, ஆங்கிலத்தில் 'கர்ட்' என்று போட்டு அந்தந்த மொழிச் சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம் என்றது. நியாயமான எதிர்ப்பு. ஆனால் தஹி, தயிர், மொசரு எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிட்டு யோகர்ட் என்று பலகை மாட்டியபோது எந்த மாநிலத்திலும் ஒரு குரல்கூட எழவில்லை. மகாராஷ்டிரத்தில் கடைப்பலகை தேவநாகரியில் இருக்கவேண்டும் என்று சட்டம் உண்டு. சட்டப்படி தேவநாகரியிலேயே 'ஃப்ரோசன் யோகர்ட்' என்று எழுதிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் மறந்துவிடக்கூடாது. 2018 ஜூலையில் மேற்கு மகாராஷ்டிரத்தில் பால் உற்பத்தியாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். லாரிப் பால் சாலையில் கொட்டப்பட்டது. லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் கேட்ட அந்தப் போராட்டம், 25 ரூபாய் கொள்முதல் விலை என்ற ஏற்பாட்டில் அடங்கியது. அந்த விலையில் ஒரு நகரத்துக் கிண்ணத்தின் காசுக்கு நாலைந்து லிட்டர் பால் வரும். வாடகை, மின்சாரம், கூலி எல்லாம் கடைக்காரருக்கு உண்டுதான். இயந்திரமும் சும்மா வருவதில்லை. இருந்தும் இடைவெளி பெரிது. சாமானியனின் தயிரும் தப்பவில்லை. அதுவரை வரியில்லாதிருந்த பொட்டலத் தயிருக்கும் மோருக்கும் 2022 ஜூலை 18 முதல் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது.

கடைகளை மூடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு காரியம் கேட்கலாம். இது உயிருள்ள தயிரா, பொடியா, எவ்வளவு சர்க்கரை என்று சுவரில் எழுதி வைக்கட்டும். எல்லாக் கடையும் எடை போட்டே விற்கட்டும். வாங்குகிறவர் வாய்திறந்து கேட்டால் இது நடக்கும்.

மூன்றாவது, தமிழர்கள் தாமே செய்யவேண்டியது. இன்று வைஷாலி, ரூபாலி என்று புனே கொண்டாடும் ஓட்டல்களுக்குத் தொடக்கத்தில் மெட்ராஸ் ஹெல்த் ஹோம், கஃபே மெட்ராஸ் என்றுதான் பெயர். கன்னடக் கடற்கரையிலிருந்து வந்த ஜகந்நாத் ஷெட்டி, மெட்ராஸ் பெயரில் இட்லியும் தோசையும் கொடுத்து பெர்குசன் கல்லூரிச் சாலையை வசப்படுத்தினார். யாருடைய ஊர்ப்பெயரோ, யாருடைய முதலோ! ஏப்ரல், மே மாதங்களில் புனே நாற்பது டிகிரியைத் தொடுகிறது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோரை, மண்பானையில் குளிரவைத்து, சுத்தமான தம்ளரில், பத்துப் பதினைந்து ரூபாய்க்கு ராஸ்தா பேட்டை முனையில் விற்றால் வேண்டாம் என்பவர் யார்? பெரிய முதல் வேண்டாம். மராத்தியரும் வாங்குவார்கள், அவர்கள் அதைத் 'தாக்' என்பார்கள், அவ்வளவுதான்.