மாடியில் ஒரு தம்ளர்

சென்ற மாதம் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு இளம் தோழர் கேட்டார்: "தோழர், நீங்க ஸ்டார் ஓட்டல் மொட்டைமாடியில போய்ச் சாப்பிட்டீங்களாமே, நெசமா?" நெசந்தான் என்றேன். "பில் எவ்ளோ ஆச்சு?" சொன்னேன். இரண்டு பேருக்கு எட்டாயிரத்துச் சொச்சம். அவர் முகம் மாறிவிட்டது. "சேரியப் பத்திக் கவிதை எழுதறவரு செய்யற காரியமா இது?"

அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பஸ் வந்துவிட்டது. இப்போது எழுதுகிறேன். அந்தத் தோழருக்கு மட்டுமல்ல, இதே கேள்வியை மனசுக்குள் வைத்திருக்கிற எல்லாருக்கும். எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்று. அக்ரகாரத்து மணத்தையும் மிராசு வீட்டு முற்றத்தையும் எழுதுகிறவர்களிடம் நீ எங்கே சாப்பிட்டாய், எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எளிமை அவர்களுக்கு ஒரு குணம். வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நமக்கு மட்டும் அது விதி. கிழிந்த சட்டையோடு நின்றால்தான் இவன் அசல் தலித் என்று நம்புவது சாதி இந்துவின் கண். அந்தக் கண்ணை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்றது வெறும் அலங்காரமா?

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஆகிவிடும். ஆனால் அந்த மாடியில் நடந்ததை முழுசாகச் சொன்னால் அவ்வளவு சுலபமாக ஜெயிக்க முடியாது.

போனது அம்மாவோடு. தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டில் எனக்கு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்த புதிதில் அம்மா சென்னைக்கு வந்திருந்தாள். எங்கள் கிளைக்கு எதிரில் இருக்கிற உயரமான ஓட்டலைக் காட்டி, "அதும் மேல வெளக்கு எரியுதே, அங்க யாருப்பா இருக்காங்க?" என்று கேட்டாள். "சாப்புட்றாங்கம்மா." "அவ்ளோ ஒசரத்துலயா? சோறு ஆறிப் போயிடாது?" அப்போதே கூட்டிப்போக நினைத்தேன். சட்டைப்பை இடம் கொடுக்கவில்லை. இந்த வருஷம் ஆதார் அட்டைக் கணக்குப்படி அம்மாவுக்கு அறுபது முடிந்தது. எட்டாயிரம் என்பது எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை. தெரிந்தேதான் போனேன்.

பதினாலாவது மாடி. மேலே வானம், சுற்றிலும் நகரத்து வெளிச்சம். வெள்ளைத்துணி விரித்த மேசையில் நீளக் காலோடு கண்ணாடித் தம்ளர்கள். சிப்பந்தி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அம்மா தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல யாரு யாரு வாய் வெச்சாங்களோ" என்று முணுமுணுத்துவிட்டு, அண்ணாந்து தூக்கிக் குடித்தாள். பாதித் தண்ணீர் புடவையில்.

சிரித்துவிட்டேன். அம்மாவுக்கு அது சிரிப்பான விஷயமாகப் படவில்லை. அவளுக்கு யாரும் தம்ளரில் வாய்வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. நடவு வயலில் மேலேயிருந்து ஊற்றுவார்கள், இவள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பாள். அப்படித்தான் பாதி வாழ்க்கை போயிற்று.

எங்கள் ஊர்க் கூட்டுரோட்டு டீக்கடையில் நான் ஆறாவது படிக்கும்வரை இரட்டைக் குவளைதான். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்கு அலுமினியத் தம்ளர், கூரையில் செருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி நீட்ட வேண்டும். குடித்துவிட்டு மறுபடியும் கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். டீ விலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். காசுக்குத் தீட்டு இல்லை, வாய்க்குத்தான் தீட்டு. கையில் நாலு காசு வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்கிற படித்த பெருமக்கள் அந்தக் கூரையடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். பிறகு பேப்பர் கப் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். எங்கே தீர்ந்தது? எல்லாருக்கும் தனித்தம்ளர் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒருவர் வாய்வைத்ததில் இன்னொருவர் வாய்வைக்க வேண்டிய கட்டாயம் கடைசிவரை வராமலே போயிற்று.

அந்தக் கட்டாயம் மாடியில் இருக்கிறது. நேற்று ஒரு மிராசுதார் மகன் வாய்வைத்த தம்ளரில் இன்றைக்கு என் அம்மா குடிப்பாள். நாளைக்கு அவள் தம்ளரில் இன்னொரு மிராசுதார் மகன். அப்படியானால் மாடியில் சமத்துவம் வந்துவிட்டதா? இல்லை தோழர்களே. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரருக்கு என் தாத்தன் பேர்வரைக்கும் தெரியும், அதனால் தனித்தம்ளர். மாடிக்காரருக்கு என் வங்கி அட்டையை மட்டும் தெரியும், அதனால் பொதுத்தம்ளர். அடையாளம் தெரியாதவரை கிடைக்கிற மரியாதைக்குச் சமத்துவம் என்று பேர் வைக்கலாமா?

அம்பேத்கருக்கும் ஒரு மாடி இருந்தது. 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியின் மாடியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு தங்கினார். சாப்பாடு கிடைத்தது, படுக்கை கிடைத்தது. பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. நீ யார் என்று கேட்டது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. பின்னாளில் தன் அனுபவக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். பத்து நாள் அவர் சாப்பிட்டது ஒரு பொய்ப் பெயரின் சோறு.

எனக்குத் தடி வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. என்னிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த சிப்பந்தித் தம்பி, அம்மாவின் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "அம்மா திண்டிவனம் பக்கமா?" அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்ப்பெயரைச் சொன்னாள். "அட, எனக்கும் அந்தப் பக்கந்தாம்மா. நீங்க ஊர்லயா, காலனியா?"

என் முதுகில் வேர்த்தது. பதினாலாவது மாடிக் காற்றிலும் வேர்த்தது. என்னை அறியாமல் வாய் முந்திக்கொண்டது: "நாங்க இப்ப சென்னைதான்." பத்து வருஷமாக மேடையில் கவிதை வாசிக்கிற வாய். சேரி என் தாய்வீடு என்று முழங்குகிற வாய். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலனிதாம்ப்பா. ஏரிக்கரை ஓரமா, மொத வீடு. நீ எந்த எடம்?" என்றாள். அந்தத் தம்பி சிரித்தார். "கிட்டதாம்மா" என்றார். தட்டை எடுக்கப் போய்விட்டார்.

அவர் ஊர்க்காரரா, நம்மாளா? இன்றுவரை தெரியாது. பரிமாறியதில் ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு வெந்நீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அந்தக் "கிட்டதாம்மா" என் காதில் நின்றுவிட்டது. நான் சொன்ன "சென்னைதான்" மாதிரியே இருந்தது அது.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, போகட்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் வேர்த்தது எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த ஆணையால் நீங்கும்?

அரசியல் சட்டத்தின் 15(2) ஆம் பிரிவை நம் மாணவத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சாதியைக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. கிணறும் குளமும் அடுத்த வரியில் வருகின்றன. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது உணவகத்தில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. அதாவது அந்த அலுமினியத் தம்ளர் நான் பிறப்பதற்கு முன்பே சட்டப்படி குற்றம். சட்டம் இந்த உரிமையைக் கொடுத்தது குடிமகனுக்கு. மாடி கொடுப்பது வாடிக்கையாளருக்கு. பில் கட்டுகிறவரைக்கும் உரிமை என்றால், பில் கட்ட முடியாத என் அக்கா மகனுக்கு என்ன உரிமை?

1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தை நான் சின்னதாக்கவில்லை. பலகை எழுத்து அழிந்தது. ஆனால் பலகையே இல்லாத எங்கள் கூட்டுரோட்டுக் கடையில் தம்ளர் இன்னும் நாற்பது வருஷம் கூரையில் இருந்தது. அதை அங்கே செருகி வைத்தது பிராமணர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு வேடிக்கை சாப்பாட்டு அட்டையில் இருந்தது. 'டெண்டர்லாயின் ஸ்டேக்', இரண்டாயிரத்துக்கு மேல் விலை. அம்மா கேட்டாள், என்னாப்பா அது? மாட்டுக்கறிம்மா என்றேன், குரலைத் தாழ்த்தித்தான். "அடப்பாவி, மாட்டுக்கறிக்கா ரெண்டாயிரம்!" பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அந்த மேசையில் இருந்தது அதே கறிதான்! சேரியில் கொடியில் காய்ந்தால் உப்புக்கண்டம், மூக்கைப் பொத்து. பீங்கான் தட்டில் வந்தால் ஸ்டேக், கத்தியை எடு. 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். கறியில் தீட்டு இல்லை, தின்கிற ஆளில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

மேசையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட முடியாது. பதினாலு மாடித் தட்டும் தம்ளரும் கழுவின தண்ணீர், எல்லார் கழிவும், கீழேதான் இறங்குகிறது. 2019 ஜூன் மாதம் குஜராத்தில் தபோய் பக்கத்தில் ஒரு ஓட்டலின் மலக்குழியில் ஏழு பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் நாலு பேர், அந்த ஓட்டல் ஊழியர்கள் மூன்று பேர். தபோய் இருப்பது வதோதரா மாவட்டத்தில். வதோதரா என்பது அம்பேத்கரை மாடியிலிருந்து இறக்கிவிட்ட அதே பரோடா. நூறு வருஷத்தில் மாடிக் கதவு நமக்குக் கொஞ்சம் திறந்திருக்கிறது. குழியின் மூடி நமக்காக முழுசாகத் திறந்தே கிடக்கிறது. மனிதரைக் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை.

ஆகவே, கேட்ட தோழருக்கு என் பதில்: மாடிக்குப் போகலாம். குற்ற உணர்ச்சியோடு போக வேண்டாம். உழைத்த காசில் அம்மாவுக்கு ஒருவேளைச் சோறு வாங்கிக் கொடுப்பது துரோகம் இல்லை. துரோகம் என்றால் அது "நாங்க இப்ப சென்னைதான்" என்ற என் வாய்ச்சொல்தான். ஊர் கேட்டால் ஊரைச் சொல்ல வேண்டும். காலனியா என்றால் காலனி என்று, அம்மா சொன்ன மாதிரி, தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் தம்ளர் அதே தம்ளராக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே வரும்போது, உங்கள் ஓட்டல் குழியை யார் சுத்தம் செய்கிறார்கள், எந்திரமா ஆளா என்று கேட்டுவிட்டு வர வேண்டும். நான் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன்.

அம்மா ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அத்தை கேட்டிருக்கிறாள், மேல எப்படி இருந்தது என்று. "சோறு சுமார்தான். காத்து நல்லாருந்துது. நம்ம ஊர்ப்பையன் ஒருத்தன் இருந்தான், அவன் வாயத் தொறந்து எடத்தச் சொல்ல மாட்டேன்னுட்டான்" என்றாளாம்.

என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.