கீ கொடுக்கிற வாட்ச்சா, பேட்டரி வாட்ச்சா? உப்புக்காற்று ஊருக்கு எது சரி?

முதல் சம்பளம் வந்ததும் வாட்ச் வாங்கப்போறேன்னு வீட்டில் சொன்னேன். "கீ கொடுக்கிற வாட்ச்சா பார்த்து வாங்கு. பேட்டரி வாட்ச் நாலு வருஷத்துல குப்பை" என்றார் அப்பா. ரீல்ஸ் போடுறவங்களும் இப்போ அப்பா கட்சிதான். பின்பக்கக் கண்ணாடி வழியா சக்கரம் சுத்துறதைக் காட்டி, 'இதுதான் உண்மையான வாட்ச்' என்கிறார்கள்.

என் கருத்து வேற. பட்ஜெட் மூவாயிரம் ரூபாய்க்குள், ஊர் தூத்துக்குடி என்றால், பேட்டரி வாட்ச்தான் சரி. ஏன்னு பார்ப்போம்.

ரெண்டும் எப்படி ஓடுது?

கீ கொடுக்கிற வாட்ச்சுக்குள்ள ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கு. நாம திருகி ஏற்றுகிற இறுக்கம் மெல்ல விடுபடும்போது சக்கரங்கள் நகரும். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவே அந்த வேலையைச் செய்துவிடும். பேட்டரி வாட்ச்சில் இருப்பது குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணித்தான் முள் நகருது.

முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போ அதன் விலை ஒரு கார் விலை. இப்போ டீக்கடை பக்கத்துல தள்ளுவண்டியிலயே கிடைக்குது.

நம்ம நாட்டுக் கதையும் இதேதான். 1961-ல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. அப்பா தலைமுறையின் 'ஜனதா' அங்கிருந்து வந்ததுதான். 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூர் ஆலையிலிருந்து வந்த குவார்ட்ஸ் வாட்ச்கள் சந்தையையே மாற்றின. எச்.எம்.டி வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

மாசத்துக்கு பத்து நிமிஷம்

விலை குறைந்த மெக்கானிக்கல் வாட்ச் ஒரு நாளைக்கு 20 விநாடி முன்னே பின்னே ஓடுவது சகஜம். கணக்குப் போடுங்க: மாசத்துக்கு 10 நிமிஷம். சாதாரண குவார்ட்ஸ் மாசத்துக்கே 15, 20 விநாடிதான் தவறும். ஹார்பர் கேட்ல ஷிப்ட்டுக்கு நிக்கிறவங்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

சனி, ஞாயிறு கழற்றி வைத்தால் திங்கள் காலையில் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் நின்றுபோயிருக்கும் என்பது தனிக்கதை.

உண்மையான எதிரி உப்பு

இந்த ஊரில் எந்த வாட்ச்சுக்கும் எமன் ஈரமும் உப்பும்தான். உள்ளே தண்ணி போகாம தடுப்பது பின்மூடியிலும் பக்கத்துக் குமிழிலும் இருக்கிற சின்ன ரப்பர் வளையங்கள். கீ கொடுக்கிற வாட்ச்சில் அந்தக் குமிழைத் தினமும் திருகுறோம், ரப்பர் தேயுது. பேட்டரி வாட்ச்சில் அதைத் தொடுவதே அபூர்வம்.

அடுத்து, '30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற வரி. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதுவரை மூச்சடக்கி முத்துக்குளிச்சவங்க இறங்கின ஆழமே பொதுவா 30 மீட்டருக்குக் குறைவுதான். அப்போ இந்த வாட்ச்சோட கடல்ல இறங்கலாமா? கூடாது. அது பரிசோதனைக்கூட அழுத்தக் கணக்கு. கை கழுவலாம், தூறலில் நனையலாம்; அவ்வளவுதான். கடலில் குளிக்கணும்னா 100 மீட்டர் எழுதியது வேணும்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரோட்டோரக் கடையில் பேட்டரி மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த வாரம் திருச்செந்தூர் கடலில் ஒரு முங்கு. வெளியே வந்து பார்த்தா கண்ணாடிக்குள்ள பனி மூட்டம். பின்மூடியை மூடும்போது ரப்பர் வளையம் சரியா உட்காரலை. நானும் கேட்கலை.

அப்பா சொன்னதில் நியாயம் இல்லையா?

இருக்கு. நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சை சர்வீஸ் செய்து செய்து பேரன் வரைக்கும் கொடுக்கலாம். ஆனா சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் இட வேண்டும். மலிவு வாட்ச்சுக்கு அந்தச் செலவு வாட்ச் விலையையே தொட்டுவிடும். ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய எச்.எம்.டி-களில் பல, டயலுக்குப் புது பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்ச் பாகங்களைச் சேர்த்து முடுக்கியவை. அதில் கவனம்.

வீட்டில் ஏற்கனவே ஒரு பழைய வாட்ச் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. சர்வீஸ் செய்து, ஏ.சி. ஆபீஸ் நாட்களில் கட்டுங்க. கடற்கரைக்கு வேண்டாம்.

வாங்கும்போது இதைப் பாருங்க

* குறைந்தது 50 மீட்டர். கடல் பழக்கம் இருந்தால் 100.
* தோல் வார் வேண்டாம், வியர்வையில் சீக்கிரம் போகும். ரப்பரோ ஸ்டீலோ நல்லது.
* பேட்டரி மாத்தும்போது "வாஷர் சரியா இருக்கா?" என்று கேளுங்க. நைந்திருந்தால் மாத்தச் சொல்லுங்க.
* தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விடாதீங்க. கசிந்தால் வாட்ச் போச்சு.
* கடல் தண்ணி பட்டால், வீட்டுக்கு வந்ததும் குமிழை அமுக்கிவிட்டு நல்ல தண்ணியில் அலசுங்க.

நான் கடைசியில் வாங்கியது ரப்பர் வார் வைத்த, 100 மீட்டர் பேட்டரி வாட்ச். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. ஆனா தினமும் காலையில அவர் வாட்ச்சுக்குக் கீ கொடுக்கும்போது என்கிட்டதான் மணி கேட்கிறார்.