பேருந்துக்குக் காசு கொடுப்பது யார், கணக்குக் கேட்பது யார்? – வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு பார்வை

மன்னாரிலிருந்து ஏ-32 வீதியால் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை தாண்டி வந்தால் எங்கள் வெள்ளாங்குளம் சந்தி. நேரே போனால் முழங்காவில், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம். கிழக்கே திரும்பினால் மல்லாவி, மாங்குளம். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் நெருங்கி வரும் இடம் இது. ஆனால் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவருக்கு, மூன்று மாவட்டங்களுக்கும் கடைசி இடம் இதுதான். மன்னார் சாலைக்கு நாங்கள் தூரம். கிளிநொச்சிச் சாலைக்கு நாங்கள் வேறு மாவட்டம். முல்லைத்தீவுச் சாலைக்கு நாங்கள் கணக்கிலேயே இல்லை.

2008 ஆகஸ்டில் இந்த ஊர் இராணுவத்திடம் வீழ்ந்தபோது சனங்கள் ஏற்கனவே கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்து கொண்டிருந்தார்கள். அந்தப் பயணம் முள்ளிவாய்க்கால் வரை போனது. மீளக் குடியமர்ந்தபின் வீதி திருத்தப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் ரயில் வந்தது. இவற்றையெல்லாம் 'அபிவிருத்தி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வகைக் காசு இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காதவரை, பேருந்து ஏன் ஒழுங்காக வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

வீதி ஒருமுறை, பேருந்து ஒவ்வொரு நாளும்

வீதியும் பாலமும் மூலதனச் செலவு. ஒருமுறை கடனோ உதவியோ வாங்கி, கேள்விகோரல் நடத்தி, கட்டி, நாடா வெட்டி முடித்துவிடலாம். பேருந்துச் சேவை அப்படியல்ல. சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் வேண்டும். டீசல், ரயர், உதிரிப்பாகம் வேண்டும். ஆள் குறைவாக ஏறும் நாளிலும் வண்டி புறப்படவேண்டும். இந்த மீண்டெழும் செலவுக்கு நாடா வெட்டும் விழா கிடையாது. அதனால்தான் அரசியல்வாதியும், கொடையாளி நாடும், புலம்பெயர்ந்த நல்ல மனம் கொண்டவர்களும் 'ஒரு பேருந்து வாங்கித் தருகிறோம்' என்று சொல்வார்கள். 'மூன்று வருடத்துக்கு அதை ஓட்டும் செலவைத் தருகிறோம்' என்று சொல்பவர் அரிது.

2023 ஜனவரியில் இந்தியக் கடனுதவியின் கீழ் 500 பேருந்துகளில் முதற்கட்டமாக 75 இலங்கைக்குக் கையளிக்கப்பட்டன. கிராமப்புறப் போக்குவரத்துக்கு என்று சொல்லப்பட்டது. நல்ல விடயம். ஆனால் ஒரு பேருந்து எந்த வழித்தடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம் ஓடவேண்டும் என்ற நிபந்தனை அதனோடு ஒட்டப்பட்டு, அந்த நிபந்தனை பயணிகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பேருந்து வந்தது என்பது செய்தி மட்டுமே, சேவை அல்ல.

ஓட்டுபவர் மத்தி, ஒழுங்குபடுத்துபவர் மாகாணம்

இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி 1ஆம் திகதி தொடங்கியது. தனியார் கம்பனிகளின் பேருந்துகளை அரசு சுவீகரித்து ஒரே சபை ஆக்கியது. 1978இல் அது பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1990களில் சாலைகள் 'மக்கள்மயம்' என்ற பெயரில் தனித்தனிக் கம்பனிகளாயின. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் எல்லாவற்றையும் திரும்ப ஒரே சபைக்குள் கொண்டுவந்தது. இன்று நாம் 'இ.போ.ச.' என்றும், பழக்கத்தில் 'சீரிபி' என்றும் சொல்வது அந்தச் சபையைத்தான். அது மத்திய அரசின் நிறுவனம். அதன் பற்றாக்குறையை நிரப்புவது கொழும்பிலுள்ள திறைசேரி.

மறுபக்கத்தில், 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில், மாகாணத்துக்குள் நடக்கும் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவதும் வழங்குவதும் மாகாண சபையின் விடயம் என்று இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மாகாணங்களுக்கு இடையிலான வழித்தடங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம் ஊடாக யாழ்ப்பாணம் போகும் பேருந்து பல மணித்தியாலம் ஓடினாலும் வட மாகாணத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே அது மாகாண அதிகாரசபையின் கைக்குள் வருகிறது.

இப்போது எங்கள் சந்தியில் நின்று பாருங்கள். சிவப்புப் பேருந்து மத்தியுடையது. தனியார் பேருந்தின் வழித்தட அனுமதி மாகாணத்துடையது. தரிப்பிடக் கூரை பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. 60:40 என்ற இணைந்த நேர அட்டவணை பற்றிய வாக்குவாதம் வடக்கில் வருடக்கணக்காக நடக்கிறது. வவுனியா புதிய பேருந்து நிலையத்தை யார் பாவிப்பது என்ற பிரச்சினையில் 2018 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் வரை போனது. இந்தச் சண்டைகளில் இரு தரப்பும் பேசுவது பெரும்பாலும் ஆள் நிறையும் நேரங்களைப் பற்றித்தான். ஆள் நிறையாத மாலை நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் யாரும் சண்டைபிடித்துக் கேட்பதில்லை. வெள்ளாங்குளம் போன்ற ஊர்கள் அந்த ஆள் நிறையாத நேரத்தில்தான் வாழ்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு மேசையில் வைத்துப் பேசவேண்டிய வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

மாகாணத்துக்குக் காசு வரும் வழி

மாகாணங்களுக்கான நிதியைப் பரிந்துரைக்க அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரையின் கீழ் நிதி ஆணைக்குழு இருக்கிறது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என ஐந்து பேர். சனத்தொகை, தலா வருமானம், சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கவேண்டிய தேவை ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அன்றாடச் செலவுக்குத் தொகுதிக்கொடை, அபிவிருத்திக்கு மாகாணத்துக்கென ஒதுக்கப்படும் கொடை என அது பிரிந்து வருகிறது. பரிந்துரைப்பது ஒன்று, திறைசேரி விடுவிப்பது இன்னொன்று என்பது எல்லா மாகாணங்களினதும் பழைய முறைப்பாடு.

எங்களுக்கு இதில் உள்ள சிக்கல் சனத்தொகை என்ற அளவுகோல். போர் ஒரு பகுதியினரைக் கொன்றது, ஒரு பகுதியினரைத் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் மேற்கு நாடுகளுக்கும் அனுப்பியது. மிஞ்சியவர்கள் பரந்த நிலத்தில் சிதறி இருக்கிறார்கள். தலையை எண்ணிக் காசு கொடுத்தால், தலை குறைந்த இடத்துக்குக் குறைவாகத்தான் வரும். ஆனால் வெள்ளாங்குளத்துக்கும் மன்னார் ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள தூரம், சனம் குறைந்ததற்காகக் குறையவில்லை. கிளினிக்குக்குப் போகவேண்டிய முதியவருக்கும், எறிகணையில் காலை இழந்தவருக்கும், கச்சேரிக்கு அலையும் காணாமலாக்கப்பட்டவரின் தாய்க்கும் அதே கிலோமீற்றர்தான். பேருந்து வராவிட்டால் அவர்கள் ஓட்டோ பிடிக்கவேண்டும், அல்லது பயணத்தைக் கைவிடவேண்டும். பலர் கைவிடுகிறார்கள்.

மாகாணக் கணக்குக்கு வெளியே மத்தியின் மானியத் திட்டங்களும் இருக்கின்றன. மாணவர்களுக்கான 'சிசு செரிய', இலாபமில்லாத கிராம வழித்தடங்களுக்கான 'கெமி செரிய' என்பன தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நடத்துபவை. கட்டண வருமானம் போதாத ஓட்டத்துக்கு அரசு காசு கொடுப்பதே இவற்றின் அடிப்படை. எங்களுக்குத் தேவையானதும் இந்த வகைதான். ஆனால் இப்படி ஒரு திட்டம் இருப்பதையும், அதற்குக் கேட்டு எழுதலாம் என்பதையும் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

சமஷ்டி என்பது கணக்கிலும் இருக்கிறது

எங்களுக்குச் 'சமஷ்டி' என்பது 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய காலம் முதல் அரசியல் கோரிக்கை. சமஷ்டி நாடுகளில் அது அன்றாடம் தெரிவது நிதிக் கணக்கில். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 50,000க்குக் குறைந்த சனத்தொகை கொண்ட இடங்களின் பொதுப் போக்குவரத்துக்கென மத்திய அரசு தனியான மானியம் வைத்திருக்கிறது. அது மாநிலங்கள் ஊடாக வருகிறது. பங்கிடும் சூத்திரத்தில் கிராமச் சனத்தொகையோடு கிராம நிலப்பரப்பும் சேர்க்கப்படுகிறது. பேருந்து வாங்க 80 வீதம் வரையும், ஓட்டுவதில் வரும் பற்றாக்குறைக்கு 50 வீதம் வரையும் மத்தி கொடுக்கலாம். மிச்சத்தை மாநிலமோ உள்ளூராட்சியோ போடவேண்டும். ஓட்டும் செலவுக்கும் மானியம் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

காசோடு நிபந்தனையும் வருகிறது. எத்தனை மைல் ஓடியது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒவ்வொரு வருடமும் அறிக்கை கொடுக்கவேண்டும். மானியத்தில் வாங்கிய பெரிய பேருந்தைக் குறைந்தது 12 வருடம் அல்லது 500,000 மைல் பாவிக்கவேண்டும். அதற்கு முன் விற்றால் மத்தியின் பங்கைக் கணக்குத் தீர்க்கவேண்டும். அதைத் தனிப்பட்ட வாடகை ஓட்டங்களுக்கு விடுவது பொதுவாகத் தடை. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டப்படி இனம், நிறம், பூர்வீகம் பார்த்துச் சேவையில் பாகுபாடு காட்டமுடியாது. ஆங்கிலம் தெரியாத பயணிகளுக்கு அவர்களது மொழியில் தகவல் கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்ற வழிகாட்டலும் இருந்துவந்தது. அங்கேயும் எல்லாம் திறம் என்று நான் சொல்லவரவில்லை. பேருந்தே இல்லாத கிராமங்கள் அங்கும் ஏராளம். ஆனால் கேள்வி கேட்கும் ஒருவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு எழுத்து இருக்கிறது.

நாடா அறுத்தவுடன் முடியும் காசுக்கும், நிபந்தனையோடு வரும் காசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2015 ஜனவரி சனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்கு இ.போ.ச. பேருந்துகள் எடுக்கப்பட்டுக் கட்டணம் செலுத்தப்படாத விவகாரம், பாரிய மோசடிகளை விசாரித்த சனாதிபதி ஆணைக்குழுவின் முன் போனது. அன்று கூட்டத்துக்குப் போன பேருந்துகள் ஏதோ ஊர்களின் வழித்தடத்திலிருந்து கழற்றப்பட்டவைதான்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துனர் பூச்சியக் கட்டணச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுத்தான் கணக்கு. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று அது சொல்லும். அதை வைத்து அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. பயணியின் கையிலுள்ள சீட்டு மானியத்தின் சாட்சியாக மாறுகிறது. எங்கள் பக்கத்தில் தனியார் பேருந்தில் சீட்டுக் கேட்டால் நடத்துனர் முறைப்பார். சீட்டு இல்லாத பயணம் எந்தக் கணக்கிலும் இல்லை. 'அந்த வழித்தடத்தில் ஆள் இல்லை' என்று நாளை ஒருவர் எழுதினால் மறுக்க எங்களிடம் ஒன்றும் இருக்காது.

நாங்கள் என்ன கேட்கலாம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் தரவேண்டும். தராவிட்டால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். எனவே தமிழில் எழுதித் தமிழில் பதில் எதிர்பார்க்கலாம். முறைப்பாட்டுக் கடிதத்துக்குப் பதிலாக, கணக்குக் கேட்கும் கடிதமாக அது இருக்கட்டும்:

ஏ-32 வீதியிலும் மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியிலும் நேர அட்டவணைப்படி எத்தனை ஓட்டங்கள் உள்ளன? கடந்த ஆறு மாதத்தில் அவற்றில் எத்தனை உண்மையில் ஓடின? ஓடாதவற்றுக்கு நேரக்கணிப்பாளரின் பதிவில் என்ன காரணம் எழுதப்பட்டுள்ளது? இந்த வழித்தடங்களுக்கு ஏதாவது மானியம் பெறப்பட்டதா? பெறப்பட்டால் எந்த ஓட்டத்துக்கு? அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள் எவை, அவற்றை மீறியதற்காக யார்மீதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டதா?

இந்தக் கேள்விகளை இ.போ.ச.வுக்கும் மாகாண அதிகாரசபைக்கும் தனித்தனியே அனுப்பவேண்டும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், அந்தக் கைகாட்டலே எழுத்தில் கிடைக்கும். 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களிடம் அந்தப் பதில்களைக் கொடுத்து, சபையில் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லலாம். மாகாண சபை இல்லாத காலத்தில் வாக்குக் கேட்டு எங்கள் படலைக்கு வந்த, மக்களால் தெரிவான மிக அருகிலுள்ள சபை அதுதான்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா ஒதுக்குவதாகச் சொல்லப்பட்டது. அதே திட்டத்தில் கொழும்புக்குள் வரும் வழித்தடங்களுக்கு 100 நவீன பேருந்துகள் பற்றியும் பேசப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு வீதி, அவர்களுக்குப் பேருந்து. வீதியை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீதியில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு பேருந்து ஓடுவதற்கு எந்தத் தலைப்பில் காசு போடப்படும், ஓடாவிட்டால் யார் பதில் சொல்வார் என்ற இரண்டையும் எழுத்தில் தரும்படிதான் கேட்கிறோம்.