யாரைப் பார்த்துச் சிரிக்கின்றோம்?

தொழிலாளியைப் பாத்திரமாக்கிய கலை அனைத்தும் தொழிலாளியின் கலை ஆகிவிடுவதில்லை. பாட்டாளியின் உடையும் பேச்சும் கடன்தொல்லையும் மேடைக்கு வந்துவிட்டால், அவனுடைய பார்வையும் கூடவே வந்துவிட்டதென்று கருதுவோர் நம்மிடையே உளர். அக்கருத்தின் பிழையை நிறுவப் பெருங்காவியங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற சிரிப்பு நாடகமொன்றே போதுமானது.

'ஒன் த பஸஸ்' என்பது அதன் பெயர். ரொனால்ட் வுல்ஃப், ரொனால்ட் செஸ்னி என்னும் இரட்டையர் படைத்த இந்நாடகத்தை பி.பி.சி. ஏற்க மறுத்தது. லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது. 1969 பெப்ரவரி முதல் 1973 மே வரை 74 பகுதிகள் ஒளிபரப்பாயின. மூன்று திரைப்படங்களும் அதிலிருந்து பிறந்தன. பின்னர் வீடியோ நாடாவாகவும் இறுவட்டாகவும் அது வீடுகளுக்குள் புகுந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்பும், கவலையற்ற ஒரு பொற்காலத்தின் நினைவுச்சின்னமாகவே பலர் அதனைப் போற்றுகின்றனர். அந்தப் பொற்காலம் யாருக்குப் பொன்னாக இருந்தது என்பதே நாம் எழுப்பும் வினா.

கதை எளிமையானது. ஸ்டான் பட்லர் பஸ் சாரதி. அவனுடைய நண்பன் ஜாக் ஹார்ப்பர் நடத்துநன்; தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவனே. இருவரையும் கையும் களவுமாகப் பிடித்துவிட ஓயாது அலைபவர் பரிசோதகர் பிளேக். வீட்டிலே ஸ்டானின் தாய், சகோதரி ஒலிவ், அவளுடைய கணவன் ஆதர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இடித்து நெருக்கி வாழ்கின்றனர்.

இந்நாடகத்தை மக்கள் விரும்பியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. டிப்போவும் தொழிலாளர் உணவுச்சாலையும் நேரசூசியும் மேலதிக நேர ஊதியமும் தவணைக் கடனும் அதிலே இடம்பெற்றன. மேலதிகாரியைக் கண்டு நடுங்காத தொழிலாளி அதிலே நடமாடினான். பகல் முழுவதும் பிறர் ஏவலுக்கு உழைத்துக் களைத்து வந்தவன், மாலையில் அந்த ஏவலரின் முகத்திலே கரி பூசப்படுவதைக் கண்டு சிரித்ததில் தவறென்ன? மக்கள் சிரித்தார்கள் என்பதற்காகவே ஒன்றை இழிந்ததென்று ஒதுக்கும் பண்டிதர் கட்சியைச் சேர்ந்தவர்களல்லர் நாம்.

ஆயினும் அந்தச் சிரிப்பின் அம்புகள் எங்கே பாய்கின்றன என்று நோக்குவோம். பிளேக் யார்? கம்பனியின் உடைமையாளரா? அல்லர், அவரும் கூலிக்கு உழைப்பவரே. மேலே உள்ளோரின் ஏச்சுக்கு அஞ்சிக் கீழே உள்ளோரை விரட்டுபவர். இலாபத்தை எண்ணிக் கணக்கிடும் கரங்கள் பெரும்பாலும் திரைக்கு அப்பாலேயே பாதுகாப்பாக இருந்துவிடுகின்றன. இது முதலாவது ஏமாற்று.

இரண்டாவது ஏமாற்று இதனினும் கொடியது. பிளேக்கைவிட மிகுதியான அடி ஒலிவின்மீது விழுகின்றது. அவளுடைய மூக்குக்கண்ணாடி, உடற்பருமன், கணவனின் அன்புக்காக ஏங்கும் அவள் ஏக்கம் யாவும் பகுதிக்குப் பகுதி நகைப்புக்கு உரியவையாகின்றன. டிப்போவிலே கறுப்பினத் தொழிலாளி ஒருவன் இருக்கின்றான். வெண்சுண்ணத்தைக் குறிக்கும் 'சோக்கி' என்ற பட்டப்பெயரே அவனுக்குக் கிடைக்கின்றது. அவனுடைய தோலின் நிறமே அங்கே பகிடி. மேலே எறியப்பட்ட கல் கீழே நிற்பவரின் தலையிலேயே வந்து விழுகின்றது.

1971இல் வெளிவந்த முதலாவது திரைப்படம் இதனை ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது. சாரதிகளுக்குத் தட்டுப்பாடு. கம்பனி பெண்களைச் சாரதிகளாகச் சேர்க்கின்றது. தன் மேலதிக நேர ஊதியம் பறிபோய்விட்டதென்று ஸ்டான் கொதிக்கின்றான். அவனும் சங்கப் பிரதிநிதியான ஜாக்கும் என்ன செய்கின்றனர்? மேலதிக நேரம் இன்றியே வாழப் போதுமான சம்பளத்தைக் கம்பனியிடம் கேட்டார்களா? இல்லை. பெண்களின் பஸ்களில் சிலந்திகளை விடுகின்றனர். அவர்களின் தேநீரிலே சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளைக் கலக்கின்றனர். தெருக் குறிகளை மாற்றி வைத்து அவர்களை அலைக்கழிக்கின்றனர். முடிவிலே அப்பெண்கள் சாரதி ஆசனத்தினின்று இறக்கப்பட்டுப் பரிசோதகர்களாக்கப்படுகின்றனர். பெண் போட்டியாளராக வரலாம், அதிகாரியாகவும் வரலாம். தோழியாக மட்டும் வர முடியாது. இதுவே படத்தின் போதனை.

வரலாறு சொல்வதோ வேறு. 1918 ஓகஸ்டில், முதலாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, லண்டனின் பஸ், டிராம் வண்டிகளிலே பணியாற்றிய பெண்கள், ஆண்களுக்கு வழங்கிய யுத்தகாலப் போனசைத் தமக்கும் தருமாறு கோரி வேலைநிறுத்தம் செய்து அதனைப் பெற்றனர். 1968 ஜூனில் டாகன்ஹாமிலுள்ள ஃபோர்ட் தொழிற்சாலையிலே, கார் ஆசனங்களுக்கு உறை தைத்த 187 பெண்கள், தம் தொழிலைத் திறனற்ற தொழிலென வகுத்ததை எதிர்த்து வெளியேறினர். உறையின்றி ஆசனமில்லை, ஆசனமின்றிக் காரில்லை, தொழிற்சாலையே ஸ்தம்பித்தது. சம ஊதியச் சட்டம் 1970இல் நிறைவேறுவதற்கு அப்போராட்டம் வழிகோலியது. எனினும் அப்பெண்களின் தொழில் திறனுள்ளதென ஏற்கப்பட, 1984இல் மீண்டுமொரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. லண்டனின் பஸ் ஒன்றை முதன்முதலாக ஒரு பெண், ஜில் வைனர் என்பவர், செலுத்தியது 1974இலே. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் அவரைப் போன்ற ஒரு பெண்ணின் தேநீரில் மருந்து கலந்ததைக் கண்டு நாடே கைதட்டிக்கொண்டிருந்தது!

நடத்துநனாகிய ஜாக்கின் பிழைப்பைப் பறித்தது பெண்ணா? சாரதியே பயணச்சீட்டும் கொடுக்கும் ஓராள் பஸ் முறை அக்காலத்திலேயே பரவத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், அம்முறைக்கு ஏற்ற புதிய பஸ்களை வாங்க அரச மானியம் வழங்கியது. நடத்துநர் குறைந்தால் சம்பளச் செலவு குறையும் என்பதே அதன் கணக்கு. வழித்தடம் வழித்தடமாக நடத்துநர் தொழில் மறைந்தது. 2005 டிசம்பரில், நடத்துநருடன் ஓடிய பழைய ரூட்மாஸ்டர் பஸ்களும் லண்டனின் வழமையான சேவையினின்று விடைபெற்றன. ஜாக்கின் உண்மையான எதிரி கணக்கேட்டிலே அமர்ந்திருக்க, அவன் பெண்களின் பஸ்ஸிலே சிலந்தி விட்டுக்கொண்டிருந்தான். முதலாளிக்கு இதனினும் இனிய நகைச்சுவை வேறென்ன வேண்டும்?

நிறத்தின் கதையும் இதுவே. யுத்தத்தின் பின் ஆளின்றித் தவித்த லண்டன் போக்குவரத்துச் சபை, 1956 முதல் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் சேர்த்தது. அதே நாட்டின் பிரிஸ்டல் நகரிலோ, கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ்களிலே சாரதிகளாகவோ நடத்துநர்களாகவோ அமர்த்தக் கம்பனி மறுத்தது. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் 1955இலேயே அத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. 1963இல் போல் ஸ்டீவன்சனும் அவர்தம் தோழர்களும் மக்களைத் திரட்டிப் பஸ்களைப் பகிஷ்கரித்தனர். ஓகஸ்டு 28ஆம் திகதி கம்பனி பணிந்தது. செப்டெம்பரில் ரக்பீர் சிங் அந்நகரின் வெள்ளையரல்லாத முதலாவது நடத்துநரானார். தொழிற்சங்கம் தன் பழைய செயலுக்கு மன்னிப்புக் கோர 2013 வரை காலம் பிடித்தது. வுல்வர்ஹாம்ப்டனில் சீக்கியத் தொழிலாளர் தாடியோடும் தலைப்பாகையோடும் பஸ்ஸிலே பணியாற்றும் உரிமையைப் போராடிப் பெற்றது 1969 ஏப்ரலில். இந்நாடகம் தொடங்கி இரண்டு மாதங்களுக்குள்!

"அக்காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அன்றைய சிரிப்பை அளக்கலாமா?" என்று கேட்போர் இருக்கின்றனர். அக்காலம் என்பது ஸ்டானும் ஜாக்கும் மட்டும்தானா? டாகன்ஹாமின் தையற் பெண்கள் அக்காலத்தவர் அல்லரா? போல் ஸ்டீவன்சனும் ரக்பீர் சிங்கும் வேறு யுகத்தினின்று வந்தவர்களா? அநீதியை அன்றே அநீதியென்று சொன்னவர்கள் அன்றே இருந்தனர். அவர்களின் அளவுகோலைத்தான் நாம் கையில் எடுக்கின்றோம். அக்காலத்தைச் சாட்டாகக் கூறுவோர், அக்காலத்தின் சிறந்த மனிதர்களை அதிலிருந்து நீக்கிவிட்டே பேசுகின்றனர்.

"வெறும் சிரிப்பு, அதிலே அரசியலைப் புகுத்துவானேன்?" என்பது மற்றொரு குரல். அரசியலை நாம் புகுத்தவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கின்றது. இதே இரட்டையர் 1961இல் பி.பி.சி.க்கு எழுதிய 'த ராக் ட்ரேட்' நாடகத்திலே தையற்கூடப் பெண்கள் முன்னிலையில் நின்றனர். அங்கும் சங்கப் பிரதிநிதி சீழ்க்கை ஊதித் தொழிலாளரை வெளியேற்றுவதே வாரந்தோறும் பகிடியாயிற்று. வேலைநிறுத்தம் என்பது பசியும் கடனும் பயமும் கலந்த முடிவு. அற்பக் காரணத்துக்கு ஊதப்படும் சீழ்க்கை அன்று. இருபது ஆண்டுகள் இத்தகைய பகிடிகளைக் கேட்டுச் சிரித்த மக்களிடம், தொழிற்சங்கமே நாட்டின் நோயென்று 1979க்குப் பின் வந்த அரசு சொன்னபோது, அச்சொல் புதிதாக ஒலித்திருக்க முடியாது. சிரிப்பு மட்டுமே அதனைச் செய்ததென்று நாம் கூறவில்லை; ஆனால் சிரிப்பும் அதற்கு நிலத்தைப் பண்படுத்தியது.

இவ்விறுவட்டுக்களை எரிக்க வேண்டும், தடை செய்ய வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. மறைப்பதனால் உண்மை பிறப்பதில்லை. பார்க்கட்டும்; ஸ்டானின் களைப்பையும் அவன் தாயின் தவணைக் கவலையையும் பார்த்துச் சிரிக்கட்டும். ஆனால் அவற்றை விற்போரும் புகழ்வோரும் பொற்காலம் என்ற பொய்யை அவற்றோடு சேர்த்து விற்கக்கூடாது. டாகன்ஹாமையும் பிரிஸ்டலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிய பின்னரே அந்தப் பெட்டி அவர்கள் கையிற் கொடுக்கப்படட்டும். எழுத்தாளர்களிடம் நாம் கேட்பதும் ஒன்றே: தொழிலாளியைச் சிரிக்க வையுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று உழைப்பவளைக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். சிரிப்புக்குரியோர் மேலே, கணக்கேட்டின் பின்னால், இன்னும் நலமாகவே அமர்ந்திருக்கின்றனர்.