எந்தத் தெரு தம்பி?

சென்ற வாரம் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டான். 2008 வாக்கில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் எடுத்தது. பத்துக்குப் பத்து அறை, எட்டு கம்ப்யூட்டர், பதினைந்து பையன்கள். பெட்டி மானிட்டர்கள் கக்கும் சூடு, ஓடியும் ஓடாத ஒரே ஃபேன், வேர்வையில் ஒட்டிய சட்டைகள். மணிக்கு இருபது ரூபாய். ஆளுக்குப் பத்து போட்டு ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்காருவோம். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, டஸ்ட் 2 மேப். ஒருவன் செத்தால் மவுஸ் அடுத்தவன் கைக்கு. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும்.

படத்தின் கீழே எழுதியிருந்தான்: "அப்பல்லாம் நம்ம யாரும் சாதி பாத்ததே இல்ல மச்சி. இப்பதான் எல்லாம் கெட்டுப்போச்சு." வரிசையாக இதயக் குறிகள்.

எனக்கும் அந்த அறை பிடிக்கும். அங்கே எல்லோருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில். வாய் வைத்துத்தான் குடிப்போம். யார் எச்சில் என்று எவனும் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு அதே நண்பன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஐந்து பேரைக் கூப்பிட்டான். வாசலில் அவன் அப்பா ஒவ்வொருவரையும் கேட்டார்: "எந்தத் தெரு தம்பி?" சொன்னோம். நான்கு பேர் உள்ளே போனார்கள். எனக்குத் திண்ணைக்குத் தண்ணீர் வந்தது, பிளாஸ்டிக் கப்பில். உள்ளேயிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நண்பன் எழுந்து வரவில்லை. அவனுக்கு இது நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

அப்படியானால் சென்டரில் மட்டும் எப்படிச் சேர்ந்து ஆடினோம்? மாடிப்படி ஏறியதும் மனம் சுத்தமாகிவிட்டதா? இல்லை. சென்டர் அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். வந்த வரிசையில் உட்கார வேண்டும். ஒற்றைப்படை சிஸ்டம் ஓர் அணி, இரட்டைப்படை இன்னோர் அணி. தெருவாரியாக அணி பிரிந்தால் ஆட்டம் அடிதடியில் முடியும் என்று அவருக்குத் தெரியும். தன் மானிட்டரைக் காப்பாற்ற அவர் செய்த ஏற்பாடு எங்களை ஒரே அணியில் உட்கார வைத்தது. அவன் முதுகை நான் காக்க வேண்டும், என் முதுகை அவன். கீழே இறங்கியதும் விதி முடிந்தது, தெரு தொடங்கியது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவன் பள்ளியில் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, வகுப்பில் அகர வரிசைப்படி இருக்கை என்பவை அதன் பரிந்துரைகளில் சில. "பெஞ்ச மாத்தினா சாதி ஒழிஞ்சிடுமா?" என்று சிரித்தவர்களில் நம் முற்போக்கு நண்பர்களும் உண்டு.

ஒழியாது. நிலமும் திருமணமும் சாதிக்குள்ளேயே இருக்கும்வரை ஒழியாது. ஆனால் முதலில் மனம் மாறட்டும், பிறகு சேர்ந்து உட்காரலாம் என்பவர்கள் யாரைத் திண்ணையில் காத்திருக்கச் சொல்கிறார்கள்? 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் ஜனநாயகத்தை வெறும் ஆட்சிமுறையாகப் பார்க்கவில்லை. கூடி வாழும் முறையாகப் பார்த்தார். கூடி வாழ இடம் வேண்டும். அந்த இடத்துக்கு விதி வேண்டும். அதைச் சென்டர் அண்ணனின் பயத்துக்கு விடாமல் அரசும் பள்ளியும் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தப் படத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சமத்துவம் அவ்வளவுதான்.

இன்று என் தம்பி கையில் போன் இருக்கிறது, புழுக்கமில்லை, நெரிசலில்லை. யாரோடு ஆடுவது என்று அவரவரே தேர்ந்துகொள்ளலாம். சாதிப் பட்டத்தையே பெயராக வைத்த அணிகளை அவன் திரையில் பார்க்கிறேன்.

குழுவில் நான் ஒரே வரி எழுதினேன்: "உங்க வீட்டுக்கு ஒரு நாள் விளையாட வந்தோமே, ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் படித்துவிட்டார்கள். நீல டிக் விழுந்து நான்கு நாள் ஆகிறது.